பினாங்கில் எட்டு மணி நேரம்

தூத்துக்குடி,
2-2-1975, ஞாயிறு.

அன்பு மகள் பிளாரன்சுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் ஜேசுதாசனும் அவன் பெண்சாதி பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ஏழு மாசத்துப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று இன்று காலைப் பூசையில் மெழுகுவர்த்தி மந்திரிக்கும்போது வேண்டிக்கொண்டேன். இதெல்லாம் உடம்பைப் பற்றிய சேதி. மனசைக் கேட்டால், நீ அனுப்பின கப்பல் கம்பெனிப் புத்தகம் டிசம்பர் மாசம் இந்த வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வந்த நாளிலிருந்து இங்கே ஒருத்தருக்கும் சுகமில்லை.

நவம்பரில் நீ எழுதின கடிதத்தை அம்மா நான்கு தரம் வாசிக்கச் சொன்னாள். டாக்டர் பயணம் வேண்டாம் என்கிறார், மாப்பிள்ளைக்கு லீவும் இல்லை, அதனால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வர முடியாது என்று எழுதியிருந்தாய். சரி, டாக்டர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கம்பெனியில் மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் போனசுக்குப் பதிலாகக் குடும்பத்தோடு போகிற உல்லாசக் கப்பல் சீட்டு கொடுக்கிறார்கள், அதில் நீங்கள் எல்லாரும் வாருங்கள், என்னைப் பார்த்தது போலவும் ஆகும், கப்பல் பார்த்தது போலவும் ஆகும் என்று. முப்பத்தெட்டு வருஷம் தண்டலாக நின்று தோணி ஓட்டினவனுக்கு மகள் கப்பல் காட்டுகிறாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறது என்பார்களே, அது இதுதான். தாய் வீட்டில் நடக்க வேண்டிய பிள்ளைப்பேற்றுக்கு ஈடாக ஒரு உல்லாசப் பயணம். இந்தக் கணக்கை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின சிஸ்டர்மார் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். கூடவே நீ வைத்தனுப்பின சீட்டுகளில் எந்தப் பயணம் என்று நாங்களே குறித்துக்கொள்ள வேண்டுமாம், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். ஒன்று நீளப் பயணம், மதராசில் ஏறி நீ இருக்கிற பினாங்கு, அப்புறம் கிள்ளான், சிங்கப்பூர் பார்த்துவிட்டு நேரே மதராசுக்குத் திரும்புகிறது, பதினாறு நாள், ஆனால் பங்க்கில் படுக்க வேண்டும், ஒரு கூடத்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டில். மற்றது குறைந்த பயணம், பினாங்கு போய்த் திரும்புவது மட்டும், பத்து நாள், ஆனால் முதல் வகுப்பு, குடும்பத்துக்குத் தனி அறை, அறைக்குள்ளேயே குளியலறை, காலையில் கட்டிலில் படுத்தபடியே காப்பி கொண்டுவந்து கொடுப்பானாம். பல் தேய்க்கிறதற்கு முன்பா பின்பா என்று புத்தகத்தில் போடவில்லை. கப்பலுக்கு மேலே குளம் ஒன்று வெட்டி வைத்திருக்கிறான், நீல நிறத்தில் தண்ணீர், அதைச் சுற்றி வெள்ளைக்காரி ஒருத்தி தொப்பி வைத்துப் படுத்திருக்கிறாள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர், அதற்கு நடுவில் ஒரு குளம். இதைவிடப் பெரிய கூத்து, கடல் தெரிகிற ஜன்னல் உள்ள அறைக்குத் தனி மதிப்பாம். கடலைப் பார்க்கிறதற்கு. கடற்கரைச் சாலையில் குத்த வைத்திருக்கிறவன் எல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. உல்லாசத்துக்கென்று கடலில் ஏறினவர்களை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். பதினாலு வருஷத்துக்கு முன் முத்துக்குளிப்பு நடந்தபோது பெரிய மனிதர்கள் சிலர் லாஞ்சில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து வேடிக்கை பார்க்க வந்தார்கள். தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்தவன் மேலே வந்து மூக்கில் ரத்தம் வடிய நிற்கிறான், இவர்கள் லாஞ்சின் ஓரத்தைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உல்லாசம் என்றால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

இந்த இரண்டு பயணமும் சேர்ந்து வீட்டை இரண்டாக்கிவிட்டது. உன் மதினி அற்புதமணிக்கு முதல் வகுப்புத்தான் வேண்டும். இருந்தால் மனுஷர் மாதிரி இருக்க வேண்டும், பங்க்கில் கண்டவன் பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று கேட்கிறாள். அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு விட்டாளா. முதல் வகுப்பில் முள்கரண்டியால்தான் சாப்பிட வேண்டுமென்று யாரோ சொல்லிவிட்டார்களாம், நாலு கரண்டி வாங்கிக்கொண்டு வந்து பிள்ளைகள் இரண்டுக்கும் வீட்டிலேயே பழக்கம் கொடுத்தாள். அதுவும் எதை வைத்து, சாளை மீனை வைத்து. சாளை மீனை முள்கரண்டியால் தின்ன முடியுமா, நீயே சொல். மீனில் இருக்கிற முள் போதாதென்று கையிலும் ஒரு முள். சின்னவனுக்குத் தொண்டையில் சிக்கி, சோற்று உருண்டையை விழுங்க வைத்து, முதுகில் தட்டி, ஒரு வழியாக இறங்கியது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டிலிருந்து கரண்டிகளைக் காணோம், நானும் கேட்கவில்லை.

உன் அண்ணன் மட்டும் என்ன ஒழுங்கு. அவனுக்கு நீளப் பயணம்தான் வேண்டும், சிங்கப்பூர் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் என்ன பார்ப்பது, ஒரு கைக்கடிகாரம், ஒரு டிரான்சிஸ்டர், நைலான் சேலை ஆறு, அவ்வளவுதான் அவனுடைய சிங்கப்பூர். துறைமுகத்து ஆபீசில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை மடித்துச் சட்டைப் பையில் வேதபுத்தகம் மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறான். பலசரக்குக் கடை பேச்சிமுத்து அண்ணாச்சிகூட என்னைப் பார்த்து, “தண்டலு, சிங்கப்பூரு போறியளாமே, நமக்கு ஒரு டார்ச்சு லைட்டு” என்கிறார். நான் புளியை வாங்கிக்கொண்டு வந்தேன். புருஷனும் பெண்சாதியும் கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் குளியலறை என்கிறாள், அவன் சிங்கப்பூர் என்கிறான். இந்த வீட்டில் குளிக்கிறதற்குக் கிணற்றடியில் நாலு தட்டிதான் இருக்கிறது, அதிலே வாளிக்குக் கயிறு மாற்றச் சொல்லி நான் மூன்று மாசமாகச் சொல்கிறேன், அதற்கு ஆளில்லை.

சண்டை முற்றினபோது என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். நான் நீளப் பயணத்துக்குத்தான் சொன்னேன். ஜேசுதாசனுக்காக இல்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது, அதை எழுத இப்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்குத்தான் தெரியுமே, தோணி கொழும்புக்குப் போய்ச் சேருகிறது ஒரு ராத்திரி ஒரு பகல், காற்று ஒத்து வராவிட்டால் மூன்று நாள். ஆனால் கொழும்பில் போய்க் கிடக்கிறது இருபது நாள், சில தரம் ஒரு மாசம். வெங்காயத்தை இறக்க முறை வர வேண்டும், முறை வந்தால் ஆள் வர வேண்டும், ஆள் வந்தால் மழை வரும், அப்புறம் திரும்பிவர ஏற்றுச் சரக்குக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலமெல்லாம் நாங்கள் கரையில் இறங்கி ஊர் சுற்றி, தெரிந்தவர் வீட்டில் சோறு தின்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய் தவறாமல் போய் வருவோம். பயணம் என்றால் எனக்குப் போகிற நாள் கொஞ்சம், கிடக்கிற நாள் அதிகம். பதினாறு நாள் என்று அவன் போட்டிருக்கிறது ஓடுகிற நாள் மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடுகிற நாளே பதினாறு என்றால் துறைக்குத் துறை கிடக்கிறது எத்தனை இருக்கும். தோணியைவிட நூறு மடங்கு பெரிய கப்பல், அத்தனை சரக்கை இறக்க வேண்டாமா. நான் இதை யாரிடமும் கேட்கவில்லை. கடலைப் பற்றி நான் போய் ஒருத்தனிடம் கேட்பேனா.

இத்தனை கூத்திலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. குளியலறையைப் பற்றியும் பேசவில்லை, சிங்கப்பூரைப் பற்றியும் பேசவில்லை. தினமும் ஒரே ஒரு கேள்வி, “பிள்ள கூட எத்தன நாளு இருக்கலாம்?” மதினி கரண்டியைப் பார்ப்பாள், அண்ணன் லிஸ்டைப் பார்ப்பான். நான்தான் சொன்னேன், “கொறஞ்சது இருவது நாளு கெடக்கும், நீ போயி ஆற அமர இருந்துட்டு வா” என்று. சொன்னது ஒரு தரம் இல்லை, பத்துத் தரம் சொன்னேன். பிரசவத்துக்கு முன்னாலேயே போய்த் திரும்பி வரும்படி ஆனாலும், இருபது நாள் கூட இருந்தால் பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்டு, இடுப்புக்கு எண்ணெய் போட்டு, செய்ய வேண்டிய மருந்தையும் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவள் அதிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். ஏரல் சந்தைக்கு ஆள் விட்டுச் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் வரவழைத்தாள். என் பழைய வேட்டி நாலைந்தை அவித்துத் துவைத்துப் பிள்ளைத் துணிக்காகக் கிழித்து மடித்தாள், பழந்துணிதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்குமாம். கிழிக்கும்போது ஒரு புது வேட்டியும் போய்விட்டது, அதைப் பற்றி நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் மற்ற சேதியும் சொல்லிவிடுகிறேன். புதுத் துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பலெல்லாம் வந்து கட்டுகிறது, பழைய ஜெட்டியில் தோணிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது, என் பழைய முதலாளி ஆள் அனுப்பி ஒரு நடை போய்வருகிறீரா என்று கேட்டார், முழங்கால் மடங்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உப்பளத்தில் இந்த வருஷம் மழை பிந்தினதால் வேலை தாமதம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கூடிவிட்டது. மாட்டுக்கறி, அன்னாசி, பப்பாளி மூன்றையும் நீ தொடக்கூடாது என்று அம்மா எழுதச் சொன்னாள், அங்கே அன்னாசி மலிவு என்று மாப்பிள்ளை வாங்கி வந்தால் அவரே தின்னட்டும். ராத்திரியில் தலையை நனைக்காதே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாசம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை மத்தியானம், காயல்பட்டினத்து இஸ்மாயில் வந்தான். உனக்குத் தெரியும், அவன் வாப்பா என்னோடு கொழும்பு நடையில் சரக்கு அனுப்பினவர். அவன் இப்போது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடுகிற சாதாரணப் பயணிக் கப்பலில் பண்டாரியாக, அதுதான் சமையலாளாக, இருக்கிறான். லீவில் ஊருக்கு வந்தவன் நீ கொடுத்தனுப்பின பிஸ்கட் டின்னையும் தைலப் புட்டியையும் கொண்டுவந்தான். வீட்டில் எல்லாரும் கூடிவிட்டோம். அற்புதமணி அந்த வழுவழுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து முதல் வகுப்பு நல்லதா நீளப் பயணம் நல்லதா என்று அவனைக் கேட்டாள். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டுமே நல்லதுதான் என்றான், பெரிய மனுஷன் பதில். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றபடி, “இந்தக் கப்பலு பினாங்குல எத்தன நாளு தம்பி கெடக்கும்?” என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து, “இருவது நாளுன்னுதான் சொன்னேன்லா, அவன்ட்ட வேற கேக்கணுமா” என்றேன். இஸ்மாயில் என்னைப் பார்த்தான், சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “மாமா, இது உங்க தோணி இல்ல. காலையில எட்டு மணிக்கிக் கட்டுனா சாயந்தரம் நாலு மணிக்கிக் கயித்த அவுத்துருவான். ரெண்டு பயணத்துலயும் அதே கததான். ஏறுன கப்பல்லயே திரும்பி வரணும், எறங்கி நின்னுர முடியாது” என்றான்.

எட்டு மணி நேரம். அதிலும் இறங்கிக் காகிதம் காட்டி முத்திரை குத்தி வெளியே வர ஒரு மணி, திரும்பி ஏற ஒரு மணி. பதினாறு நாள் போனாலும் அதே எட்டு மணி, பத்து நாள் போனாலும் அதே எட்டு மணி. நீளமா சொகுசா என்று இரண்டு மாசம் அடித்துக்கொண்டார்களே, இரண்டிலும் நீ இருந்தது மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான். உல்லாசக் கப்பலில் சரக்கே இல்லை, ஆள்தான் சரக்கு, இறக்கி ஏற்றினால் தீர்ந்தது என்பது இந்த மண்டைக்கு ஏறவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடி. என் சறுக்கலில் அடி பட்டது உன் அம்மாவுக்கு. இந்தக் கடிதத்தில் இதுவரைக்கும் எல்லாரையும் ஏசினேன், என்னையும் சேர்த்துக்கொள்.

எனக்கு அப்போது உன் மேல்தான் கோபம் வந்தது. மாப்பிள்ளை கப்பல் கம்பெனியில் இருக்கிறார், எட்டு மணி நேரம்தான் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்துதானே கூப்பிட்டிருக்கிறாய், பெற்ற மனம் பித்து பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று கத்தினேன். அம்மாதான் என்னைக் கையமர்த்தினாள். “கத்தாதீய. அவ எழுதுன கடுதாசி அம்புட்டையும் வாசிச்சியளே, வீட்டுக்கு வாங்கன்னு ஒரு எடத்துல எழுதியிருக்காளா, பாத்தியளா” என்றாள். நான் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவள் பார்த்திருக்கிறாள், வாசித்தவன் பார்க்கவில்லை. அவள் இஸ்மாயிலுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை அங்கே எப்படி இருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். “சொல்லாதன்னுதான் அவ சொன்னா, அம்மாட்ட எனக்குப் பொய் வர மாட்டேங்கு. சீனன் கட மாடியில ஒரே ஒரு ரூமு. அடுப்பு மூணு குடும்பத்துக்கும் பொது. மச்சான் நல்ல மனுசன், ஆனா ராவெல்லாம் கம்பெனி சரக்குக் கிட்டங்கியில வேல, பகல்ல செத்த பொணமா தூங்குதாரு. தண்ணி கீழ இருந்துதான் தூக்கணும், அவதான் தூக்குதா.” அவன் மேல் நீ கோபப்படக் கூடாது, அவன் சொன்னதால்தான் உனக்கு நல்லது நடக்கப் போகிறது.

ஆக மகளே, நீ எங்களைக் கப்பலில் கூப்பிட்டது கப்பல் காட்ட இல்லை. உன் ஒற்றை அறையைக் காட்டாமல் இருப்பதற்கு. எட்டு மணி நேரம் என்றால் ஜெட்டிக்கு வந்து, நல்ல சேலை கட்டி, ஹோட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். மாடிக்கு யாரும் ஏறிவர நேரம் இருக்காது. நல்ல யோசனை, உனக்கு என் மூளைதான். உன் வீட்டில் இருப்பதாகக் கடிதத்தில் நீ எழுதின பால்கனியும் பூத்தொட்டியும் எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரன் சுகமாக இருக்கட்டும். நான் கல்யாணம் முடித்து உன் அம்மாவைக் கூட்டிவந்தபோது எங்கள் வீட்டில் எத்தனை அறை இருந்தது என்று நீ நினைக்கிறாய். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று குடும்பம், நடுவில் சேலையைத் தொங்கவிட்டு மூன்றாக்கினோம். அந்தச் சேலைக்கு இந்தப் பக்கத்தில்தான் நீ பிறந்தாய். நாங்கள் வெட்கப்படாததற்கு நீ என்ன வெட்கப்படுகிறாய். நீ ஒற்றை அறையில் இருப்பது எனக்கு வருத்தமில்லை, ஏழு மாச வயிற்றோடு குடம் தூக்குவதை எங்களுக்குச் சொல்லாமல் மறைத்தாய் பார், அதுதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மறுநாள் காலையில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கோயிலுக்குத் தவிர வேறெதற்கும் செருப்பு மாட்டாதவள். ஜேசுதாசனை முன்னால் போகச் சொல்லிப் பின்னாலேயே கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய், உல்லாசம் எல்லாம் வேண்டாம், இஸ்மாயில் போகிற கப்பலில் பினாங்குக்குப் போக மட்டும் ஒரு சீட்டு, திரும்பிவர இப்போது வேண்டாம் என்றாளாம். கிளார்க்கு முதல் வகுப்பா பங்க்கா என்று கேட்டிருக்கிறான். “படுத்தா தூக்கம் வரணும், அம்புட்டுத்தான்” என்று சொல்லியிருக்கிறாள். நீ சொன்னதற்காகப் போன வருஷமே எல்லாரும் பாஸ்போர்ட்டு எடுத்தோமே, அது இதற்காவது உதவியது. மூன்று மாசம் தங்க அனுமதியும் ஆகிவிட்டது. சீட்டு என் காசு, மாப்பிள்ளையின் காசு ஒரு சல்லி இதில் இல்லை. அந்த உல்லாசச் சீட்டுகள் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கின்றன, அவர் அதை மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பகலில் நன்றாகத் தூங்கட்டும். அற்புதமணியும் ஜேசுதாசனும் முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், நீ குடம் தூக்குகிற சேதியை அம்மா இன்னொரு தரம் சொன்னபோது அடங்கிவிட்டார்கள். அற்புதமணி தன் கம்பளிச் சால்வையை அம்மாவின் பெட்டியில் வைத்தாள். அண்ணன் அந்த லிஸ்டைக் கிழித்துவிட்டான் என்று எழுத ஆசைதான், கிழிக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறான்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். ஒற்றை அறையில் பிள்ளைப்பேறு நடக்கிற இடத்தில் இந்தக் கிழவன் காலை எங்கே நீட்டுவான். வர ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். கல்யாணமான புதிதில் உன் அம்மா ஒரு நாள் தோணிக்குள் ஏறிப் பார்க்க வேண்டுமென்று கேட்டாள். பொம்பிளை காலடி தோணியில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம், நான் நாலு பேர் முன்னால் அவளை ஏசிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை, கரையில் நின்றதோடு சரி. இப்போது அம்பத்தேழு வயதில் தனியாக ஏறுகிறாள். பயமாக இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டேன். “ஒங்களுக்கு இருந்துதா?” என்று திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு நடைக்கும் இருந்தது என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவள் பெட்டிக்குக் கயிறு கட்டச் சொன்னாள், நான் கட்டிக் கொடுத்தேன், தோணியில் போடுகிற முடிச்சுப் போட்டிருக்கிறேன், நீ கத்தியால் அறுக்காமல் நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் ஜேசுதாசன் அம்மாவை மதராசுக்குக் கூட்டிப் போகிறான். வியாழக்கிழமை ஆறாம் தேதி கப்பல் புறப்படுகிறது. பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலையில் பினாங்கு. அன்றைக்கு விபூதிப் புதன், நீ முதல் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே ஜெட்டிக்கு வந்துவிடு. சேலை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இஸ்மாயில் கூட இறங்கி வந்து கையில் ஒப்படைப்பான். மருந்துப் பெட்டியை வெயிலில் வைக்காதே. அம்மாவுக்குப் படுக்க ஒரு பாய் போதும், உன் பக்கத்தில் போட்டுவிடு. கீழேயிருந்து தண்ணீர் தூக்க அவள் வருகிறாள், அதுவரைக்கும் மாப்பிள்ளை தூங்கப் போகிறதற்கு முன் தூக்கி வைக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல். பிள்ளை பிறந்ததும் தந்தி அடிக்க வேண்டும், மறந்துவிடாதே. ஆணா பெண்ணா என்று மட்டும் போடாதே, தாய் சுகம் என்று முதலில் போடு.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் ஒரு நோவும் அண்டாமல் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், நல்ல மனுஷன் என்று இஸ்மாயில் சொன்னது எனக்குப் போதும்.

இங்கே இடமில்லை, இப்போது வர வேண்டாம் என்று உடனே ஒரு கடிதம் எழுதிப் போடலாம் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். தாராளமாக எழுது. நீ இதை வாசிக்கிறபோது அவள் நடுக்கடலில் இருப்பாள். உன் கடிதம் எனக்குத்தான் வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தண்டல் செல்வதுரை பர்னாந்து